ஏழு கோக்காலும் ஏழு கையெழுத்தும்: நீலகிரிக் கலைஞர்கள் சங்கமான கதை

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இல் வந்தது. ஏழு பேர் கையெழுத்துப் போட்டால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்துவிடலாம். துணைவிதி ஒன்றைத் தட்டச்சு செய்து, தலைவர், செயலாளர், பொருளாளர் என்று பெயர் குறித்து, வருடா வருடம் கணக்கைப் பதிவாளரிடம் ஒப்படைத்தால் சங்கம் உயிரோடு இருப்பதாக அர்த்தம். நீலகிரிப் பழங்குடிகளில் ஒன்றான கோத்தர்களின் ஊர்களும் ஏழுதான். கோக்கால் என்பார்கள். இரண்டு ஏழுக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. ஆனாலும் இந்த மலையில் யாராவது ‘கலைஞர்கள் சங்கம் ஆரம்பிக்கலாமே’ என்று பேச்செடுத்தால் எனக்கு இரண்டும் சேர்ந்தேதான் ஞாபகத்துக்கு வரும்.

மலைக்குச் சங்கம் என்பது புதுச் சரக்கு, கீழ்நாட்டிலிருந்து பஸ் ஏறி வந்தது என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். பதிவேடு, ரப்பர் முத்திரை, ரசீதுப் புத்தகம் எல்லாம் புதுசுதான், சந்தேகமில்லை. ஆனால் கலையைத் தொழிலாகக் கொண்டவர்கள் ஒரு கட்டுக்குள் நின்று, யாருக்கு யார் வாசிப்பது, அதற்கு என்ன கிடைக்கும் என்று முறை வைத்துக்கொண்டது இங்கே பழைய ஏற்பாடு. அது உடைந்து ஏறக்குறைய நூறு வருடம் ஆகிறது. அது ஏன் உடைந்தது என்று தெரிந்தால்தான் இன்றைக்கு இருக்கும் சங்கங்கள் எதைக் காப்பாற்றுகின்றன, எதை விட்டுவிடுகின்றன என்பது புரியும்.

கொள் ஊதியவர்கள்

திருச்சிக்கடி, கொல்லிமலை (நாமக்கல் கொல்லிமலை இல்லை), சோலூர் கோக்கால், குந்தா கோத்தகிரி, கோத்தகிரி, கீழ்க்கோத்தகிரி, கூடலூர் கோக்கால். இவைதான் அந்த ஏழு ஊர்கள். கோத்தகிரி என்ற பெயரே கோத்தர் கேரி, அதாவது கோத்தர் தெரு என்பதிலிருந்து வந்தது என்பார்கள். இன்றைக்கும் கோத்தர்கள் சுமார் 2000 பேர்தான்.

இந்தச் சின்னக் கூட்டம் செய்த வேலைகளின் பட்டியலைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். இரும்பு அடித்தார்கள், மரம் இழைத்தார்கள், வெள்ளி வேலை செய்தார்கள். பானை வனைந்தது பெண்கள், அதுவும் சக்கரத்தில். இந்தியாவின் பெரும்பாலான குயவர் மரபுகளில் சக்கரத்தைப் பெண் தொடக்கூடாது என்று இருக்கும்போது இங்கே அது பெண்ணின் கையில் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, மலைக்கே இசை கொடுத்தவர்கள் இவர்கள். நம் நாதஸ்வரத்துக்குத் தூரத்து உறவு போன்ற ‘கொள்’, தோல் கட்டிய ‘தபட்க்’, இரண்டு பக்கமும் அடிக்கும் பெரிய, சிறிய முழவுகள், வளைந்த பித்தளைக் கொம்பு. கருவிகளையும் தாங்களே செய்துகொண்டார்கள். சாமிக்கு ஒரு வகை மெட்டு, ஆட்டத்துக்கு ஒரு வகை, சாவுக்கு ஒரு வகை. மாற்றி வாசிக்க மாட்டார்கள்.

மலையின் உழவர்களான படகர்களின் ஹட்டியில், அதாவது ஊரில், சாவு விழுந்தால் தகவல் போகும். கோத்தர்கள் கருவிகளோடு வந்து நிற்பார்கள். எருமை வளர்க்கும் தோடர்களின் மந்தில், அதாவது குடியிருப்பில், சாவு என்றாலும் அப்படியே. இதற்கு ரொக்கக் கூலி கிடையாது. படகர் குடும்பம் அறுவடையில் தானியம் அளந்தது. தோடர்கள் நெய் கொடுத்தார்கள், சாவில் பலியிட்ட எருமையைக் கோத்தர்கள் எடுத்துக்கொண்டார்கள். குறும்பர்கள் தேனும் காட்டுப் பொருளும் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு படகர் குடும்பத்துக்கும் வழிவழியாக ஒரு கோத்தர் குடும்பம் இருந்தது. மண்வெட்டி, அரிவாள், பானை, சாவு மேளம் எல்லாம் அந்த ஒரே உறவின் வழியாகத்தான் வந்தது.

அந்தக் கட்டின் முக்கியமான இடம் ஒன்று உண்டு. ஒரு படகருக்கும் அவருடைய கோத்தருக்கும் தகராறு வந்தால், இன்னொரு கோத்தர் குறுக்கே புகுந்து அந்த வேலையை எடுத்துக்கொள்ள மாட்டார். இந்தக் காலத்துப் பாஷையில் சொன்னால், கருங்காலி வேலை செய்ய ஆள் கிடைக்காது. தலைவர் இல்லை, சந்தா இல்லை, தீர்மானப் புத்தகம் இல்லை. ஆனாலும் ஒரு தொழிற்சங்கத்தின் அஸ்திவாரமே அதுதானே? இதை ஆதிகால ஒற்றுமை என்று பூப்போட்டுப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அது ஏற்றத்தாழ்வும் சேர்ந்த ஏற்பாடு. ஒருவர் வாசலுக்கு வெளியே நின்றார், இன்னொருவர் உள்ளே இருந்தார். ஆனால் வாசலுக்கு வெளியே நின்றவர் வர மறுத்தால் உள்ளே இருந்தவருக்குச் சாவு எடுக்க முடியாது. அந்தப் பிடி கோத்தர்களிடம் இருந்தது.

பிடி நழுவியது எப்படி

1871 கணக்கெடுப்பின்போது படகர்கள் ஏறத்தாழ 19,000 பேர், கோத்தர்கள் 1100 பேர் அளவில். அப்போதே ஒரு கோத்தர் குடும்பம் பல படகர் குடும்பங்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய நிலை. அதன்பின் படகர் தொகை ஏறிக்கொண்டே போனது, கோத்தர் தொகை அசையவில்லை. 1899-இல் ரயில் குன்னூரைத் தொட்டது, 1908-இல் ஊட்டிக்கு வந்தது. சந்தையில் வார்ப்பு இரும்பும் தகரமும் பித்தளைப் பாத்திரமும் குவிந்தன. கோத்தர் பட்டறை அரிவாளை எதிர்பார்த்து யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. சாமையும் கேழ்வரகும் விளைந்த மேட்டில் உருளைக்கிழங்கும், பின்னால் தேயிலையும் ஏறின. தானியமாக அளந்து கொடுக்கும் உறவுக்குத் தானியமே இல்லாமல் போனால் எதை அளப்பது?

ஆக, இரும்பும் பானையும் சத்தமில்லாமல் போயின. இசை அப்படிப் போகவில்லை. அது சண்டையோடு போனது.

1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் படகர்களிடையே சீர்திருத்தப் பேச்சு வலுத்தது. பள்ளிக்கூடம் போனவர்கள், பட்டணம் பார்த்தவர்கள், சாவு வீட்டில் மேளமும் குடியும் ஆட்டமும் நாகரிகமில்லை என்றார்கள். கோத்தர்கள் செத்த எருமையைத் தின்கிறவர்கள், அவர்களை அழைப்பது நமக்குக் கௌரவக் குறைச்சல் என்ற வாதமும் சேர்ந்தது. கோத்தர் இசை வேண்டாம் என்று ஊர்க்கூட்டங்களில் முடிவெடுத்தார்கள். எல்லோரும் ஒத்துக்கொள்ளவில்லை. அப்பனுக்கு மேளமில்லாமல் எப்படி வழியனுப்புவது என்று கேட்ட பெரியவர்களும் இருந்தார்கள். ஊர்கள் இரண்டு கட்சியாகின. 1930-களின் பின்பாதியில் இங்கே வந்து தங்கிய மானிடவியலாளர் டேவிட் மாண்டல்பாம் இந்தப் பிளவை நேரில் பார்த்து எழுதியிருக்கிறார்.

எனக்கு உறுத்துவது அந்த எருமை விஷயம். எருமை கோத்தர்களுக்குக் கூலியாக வந்தது. கொடுத்தவர்கள் தோடர்கள், கொடுக்கச் சொன்னது முறை. அந்தக் கூலியே கடைசியில் அவர்கள் மேல் குற்றமாகத் திரும்பியது. கலைஞனுக்குக் கிடைக்கும் சம்பளத்தின் வகையை வைத்தே அவனை எடைபோடுவது மலைக்கு மட்டும் உரிய பழக்கமில்லை. கீழ்நாட்டில் பறையடிப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

கோத்தர்கள் பக்கத்திலிருந்தும் இதற்கு எதிர்ப்பு வந்தது, அதையும் சொல்ல வேண்டும். மொழியியலாளர் எமனோவுக்குக் கோத்த மொழிக் கதைகளைச் சொன்னவர் சுல்லி, அவர் ஒரு கோத்தர், பள்ளி ஆசிரியர். நீள முடியை வெட்டிக்கொண்டார். செத்த எருமை இறைச்சியை விட வேண்டும், அடுத்தவர் வீட்டு வாசலில் நின்று வாசிப்பதை விட வேண்டும் என்று தன் ஆட்களிடமே வாதாடினார். ஊர் முதலில் அவரை ஒதுக்கியது, பின்னால் மெல்ல மெல்ல அவர் வழிக்கு வந்தது. கேட்பவர்கள் வேண்டாம் என்றார்கள், வாசித்தவர்களில் சிலரும் போதும் என்றார்கள். இரண்டு பக்கமும் தளர்ந்தபின் கயிறு நிற்காது.

தொழில் போனது, இசை போகவில்லை. மார்கழி, தை வாக்கில் தங்கள் தெய்வமான கம்பட்டராயருக்கு எடுக்கும் விழாவில், தங்கள் வீட்டுச் சாவில், கோத்தர்கள் தங்களுக்காக இன்றைக்கும் வாசிக்கிறார்கள். பிறருக்கு வாசித்த இசை தனக்கே உரிய இசையாகிவிட்டது. ஒரு கலைக்கு இது நஷ்டமா லாபமா என்பதில் எனக்கு இன்னும் தீர்மானமான கருத்து இல்லை.

தனி ஆளாக வந்தவர்கள்

மலைக்கு வேறொரு வகைத் தொழில்முறைக் கலைஞனும் வந்தான். அவன் கூட்டமாக வரவில்லை, எஜமானனின் பின்னால் வந்தான். 1820-களில் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் ஊட்டியைப் பிடித்தபின் துரைமார்களில் பலர் தூரிகையும் கையுமாகத்தான் திரிந்தார்கள். ரிச்சர்ட் பாரனின் நீலகிரிக் காட்சிகள் 1837-இல் லண்டனில் அச்சாயின. அது பொழுதுபோக்கு. பிழைப்புக்காக வரைந்தவர்கள் ரங்கையாவும் கோவிந்துவும்.

கம்பெனி மருத்துவரும் தாவரவியலாளருமான ராபர்ட் வைட்டுக்காக இவர்கள் செடிகொடிகளை வரைந்தார்கள். வைட்டின் பெரிய தொகுப்பில் மட்டும் 2101 படங்கள். நீலகிரிச் செடிகளுக்கென்றே 1845 தொடங்கி அவர் தனி நூல் ஒன்றையும் வெளியிட்டார். பூவைப் பிரித்து, விதையை வெட்டி, இதழின் நரம்பு வரைக்கும் போட்டுக் காட்டும் வேலை. வைட் ஒரு காரியம் செய்தார். படங்களின் அடியில் வரைந்தவர் பெயரை அச்சிட்டார். 1853-இல் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே ‘கோவிந்தூவியா’ என்று பேர் வைத்தார். இன்றைய வகைப்பாட்டில் அந்தப் பெயர் செல்லாது, டிரோபிடியாவுக்குள் அடங்கிவிட்டது. ஆனாலும் இந்திய ஓவியன் ஒருவன் பெயரைச் செடிக்கு வைத்த வெள்ளைக்காரர்கள் அந்தக் காலத்தில் எத்தனை பேர்?

கோத்தருக்குப் பெயர் இல்லை, பிடி இருந்தது. கோவிந்துவுக்குப் பெயர் கிடைத்தது, பிடி இல்லை. எஜமானர் ஊருக்குக் கப்பல் ஏறினால் வேலை முடிந்தது.

இரண்டையும் சேர்த்துக் கேட்டவர்கள் சென்னைக்காரர்கள். 1944-இல் கே.சி.எஸ். பணிக்கர் தன் மாணவர்களோடும் நண்பர்களோடும் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கினார். ஓவியம் விற்காத காலம். பாத்திக் துணியும் கைவினைப் பொருட்களும் செய்து விற்று, அந்தக் காசில் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கி, 1966-இல் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை எழுப்பினார்கள். இதை ஏன் இங்கே கொண்டுவருகிறேன் என்றால், ‘மலையிலும் ஒரு சோழமண்டலம் வேண்டும்’ என்று அவ்வப்போது யாராவது சொல்வதைக் கேட்கிறேன். ஆசை நல்லதுதான். ஆனால் சோழமண்டலத்தில் சேர்ந்தவர்கள் ஒரே கல்லூரியில் படித்த, தனித்தனிப் பெயருள்ள கலைஞர்கள். பிழைப்புக்குக் கைவினை, பெயருக்கு ஓவியம் என்று அவர்களால் பிரித்துக்கொள்ள முடிந்தது. இங்கே கைவினைதான் பெயர். அதைச் செய்யும் உரிமை பிறப்போடு வருகிறது. அங்கே பொருந்திய சட்டை இங்கே பொருந்தாது.

முத்திரை கேட்ட சட்டம்

இப்போது தோடர் பூவேலைக்கு வருவோம். புகுர் என்பார்கள். கெட்டியான வெள்ளைப் பருத்தித் துணி, அதில் சிவப்பும் கறுப்பும் நூல். துணியை மாட்டும் மரச்சட்டம் கிடையாது, வரைபடம் கிடையாது. துணியின் இழைகளைக் கண்ணால் எண்ணி எண்ணிப் பெண்கள் ஊசி போடுவார்கள். இரண்டு பக்கமும் உடுத்தலாம் என்ற அளவுக்குச் சுத்தமான வேலை. ஆணும் பெண்ணும் போர்த்தும் பூத்துக்குளி இதில்தான் உருவாகிறது, கடைசியில் உடலை மூடுவதும் அதுவே.

இந்த வேலை முதலில் விற்பனைக்கு ஆனதல்ல. ஊட்டிக்கு வந்தவர்கள் ஆசைப்பட்டுக் கேட்க, சால்வையாக, மேசை விரிப்பாக, அப்புறம் செல்போன் பையாகச் சுருங்கியது. விற்பனை ஏறியதும் மிஷினில் போட்ட நகலும் வந்தது. சுற்றுலாப் பயணிக்குச் சிவப்பும் கறுப்பும் தெரியும், இழை எண்ணிக்கை தெரியாது.

புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999-இல் இயற்றப்பட்டு 2003-இல் அமலுக்கு வந்தது. இதன் பதிவகம் சென்னையில்தான் இருக்கிறது. இந்தச் சட்டத்தில் ஒரு நுட்பம் உண்டு, பத்திரிகைச் செய்திகளில் அது வருவதில்லை. தனி ஒரு கலைஞர் போய், ‘இது எங்கள் ஊர்ப் பொருள், பதிவு செய்யுங்கள்’ என்று கேட்க முடியாது. உற்பத்தியாளர்களின் சங்கமோ, அவர்கள் நலனுக்காக நிற்கும் அமைப்போ, அரசு நிறுவனமோதான் விண்ணப்பிக்க வேண்டும். அதாவது சங்கம் இல்லாவிட்டால் பாரம்பரியம் இருந்தும் பயனில்லை. தோடர் பூவேலைக்கு விண்ணப்பித்தவர்கள் மூவர்: தோடர் நலவாழ்வுச் சங்கம், கோத்தகிரியில் வேலை செய்துவரும் கீஸ்டோன் ஃபவுண்டேஷன், அரசின் பூம்புகார் நிறுவனம். 2013-இல் குறியீடு கிடைத்தது.

பதிவு பத்து வருடத்துக்குத்தான், பிறகு புதுப்பிக்க வேண்டும். அதோடு, பொருளின் பெயர் பதிவானாலே ஊசி பிடிக்கிற ஒவ்வொரு பெண்ணுக்கும் அந்த உரிமை தானாக வந்துவிடாது. அங்கீகரிக்கப்பட்ட பயனராக அவரவர் பெயரைத் தனியே பதிய வேண்டும். படிவம், கட்டணம், சான்று. சங்கத்தின் உண்மையான வேலை இங்கேதான் ஆரம்பிக்கிறது. விழா மேடையில் பொன்னாடை போர்த்துவது சுலபம். மந்து மந்தாகப் போய்ப் பெயர் சேர்ப்பது யாருக்கும் படம் எடுக்கத் தோன்றாத வேலை.

குறும்பர் ஓவியத்தின் கதை வேறு. கோத்தகிரிப் பக்கம் வெள்ளரிக்கொம்பை போன்ற ஊர்களில் ஆலு குறும்பர்கள் பண்டிகையின்போது கோயில் சுவரிலும் வீட்டுச் சுவரிலும் வரைந்தார்கள். வேங்கைப் பிசினிலிருந்து செம்பழுப்பு, இலைச்சாறில் பச்சை, கரியில் கறுப்பு. தேன் எடுப்பது, அறுவடை, ஆட்டம் என்று குச்சி குச்சியான மனித உருவங்கள். எல்லோரும் வரைய மாட்டார்கள், பூசை செய்யும் குடும்பத்துக்கே அந்த உரிமை. சுவர் சிமெண்டாக மாறியபின் வரைய இடமில்லை. சுவரிலிருந்து காகிதத்துக்கு இறக்கிக் கொண்டுவந்ததில் சென்னை சி.பி.ஆர். சுற்றுச்சூழல் கல்வி மையம் போன்ற வெளி அமைப்புகளின் பங்கு உண்டு. காகிதத்துக்கு வந்ததும் ஓர் அடிப்படை மாற்றம் நடந்தது: படத்தின் மூலையில் கையெழுத்து ஏறியது. சுவரில் வரைந்தவர்கள் பெயர் போட்டதில்லை, சாமிக்கு யார் வரைந்தார்கள் என்று தெரிய வேண்டியதில்லை. வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டும். வரைகிறவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவு. இவ்வளவு குறைவாக இருந்தால் சங்கத்துக்கு ஏழு கையெழுத்துச் சேர்ப்பதே பாடு.

வாரியத்தின் கட்டங்கள்

அரசு பக்கம், தமிழ்நாடு நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் 2007-இல் அமைந்தது. உறுப்பினர் ஆனால் அடையாள அட்டை, பிள்ளைகளுக்குக் கல்வி உதவி, திருமண உதவி, இறப்பு உதவி. மாவட்டக் கலை மன்றங்கள் கலை இளமணியில் தொடங்கி கலை முதுமணி வரை வயதுக்கேற்ப விருது கொடுக்கின்றன. குறை சொல்ல ஒன்றுமில்லை, கரகாட்டக் குழுக்களுக்கும் தெருக்கூத்துக் கலைஞர்களுக்கும் இந்த அட்டை பெரிய துணை.

ஆனால் படிவம் மனதில் வைத்திருப்பது கூலிக்கு நிகழ்ச்சி போகும் கலைஞரை. தன் ஊர்ச் சாமிக்கும் தன் ஊர்ச் சாவுக்கும் மட்டும் கொள் ஊதும் கோத்த இளைஞர் அதில் எந்தக் கட்டத்தை நிரப்புவார்? ‘நாதஸ்வரம்’ என்று எழுதினால் பொய். ‘மாதத்தில் எத்தனை நிகழ்ச்சி’ என்று கேட்டால், ஊரில் யாரும் சாகாமல் இருந்தால் பூஜ்யம் என்றுதான் சொல்ல வேண்டும். பழங்குடி விழாக்களுக்கும் கண்காட்சிகளுக்கும் அழைத்துப் போய் மேடையேற்றும்போது இன்னொரு சிக்கல் வருகிறது. சாவு மெட்டை மேடையில் வாசிக்கலாமா? ஆட்ட மெட்டை மட்டும் வாசிப்பது என்று வைத்துக்கொண்டால், பார்ப்பவர்களுக்கு அது மட்டுமே கோத்தர் இசை என்று ஆகிவிடுகிறது. இதை முடிவு செய்ய வேண்டியது ஏற்பாட்டாளரா, வாசிப்பவரா, ஊரா? முத்தோரை பாலாடாவில் 1983 முதல் பழங்குடியினர் ஆய்வு மையம் இருக்கிறது. அங்கே ஆவணம் சேரும், இதற்குத் தீர்ப்பு சேராது. அதை ஊர்தான் உட்கார்ந்து பேச வேண்டும்.

புவிசார் குறியீடு பொருளின் பெயரைக் காக்கிறது. வாரியம் ஆளுக்கு உதவுகிறது. பழைய கோத்தர் கட்டு காத்தது மூன்றாவதாக ஒன்றை: அழைப்பை. இன்னாருக்கு இன்னார் வருவார், வராவிட்டால் வேறு ஆள் வரமாட்டார் என்ற உறுதியை. சால்வைக்கு என்ன விலை, யார் எவ்வளவு குறைத்துக் கொடுப்பது, இடைத்தரகர் இரண்டு மந்துகளை ஒன்றோடொன்று மோதவிட்டு விலையை இறக்கினால் என்ன செய்வது போன்ற இன்றைய தகராறுகள் எல்லாம் இந்த மூன்றாவது விஷயத்தில்தான் வருகின்றன.

சங்கம் பதிவு செய்யப் போகிறவர்களுக்கு டைப்பிங் சென்டரில் மாதிரித் துணைவிதி கிடைக்கும். சங்கத்தின் பெயர், முகவரி, நோக்கம், சந்தா, பொதுக்குழுவுக்கு எத்தனை நாள் முன்னறிவிப்பு, வங்கிக் கணக்கில் யார் யார் கையெழுத்து, கலைக்கப்பட்டால் சொத்து யாருக்கு என்று வரிசையாக இருக்கும், ஊர்ப் பெயரை மட்டும் மாற்றினால் போதும். ஓர் உறுப்பினர் மறுத்த வேலையை இன்னோர் உறுப்பினர் எடுக்கக்கூடாது என்று அதில் எந்த விதியும் இல்லை. தேடிப் பார்த்தேன்.